மழை லீவு, வெயில் லீவு, அப்புறம்? மதுரைத் தொடக்கப்பள்ளிகளும் பேரிடர் ஏற்பாடும்

ஐப்பசி பிறந்தால் "நாளைக்கு மழை லீவு உண்டா?" என்று ஒரு கேள்வி. மே கடைசியில் "வெயிலுக்காகப் பள்ளி திறப்பதைத் தள்ளிவைப்பார்களா?" என்று இன்னொன்று. ஆட்சியரின் அறிவிப்பு காலை எட்டு மணிக்கு வந்தால், பிள்ளை கிளம்பிய பிறகு சொல்கிறார்களே என்று கோபம். முந்தின இரவே அறிவித்துவிட்டு மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தால் கேலி. 2023இல் தொடக்கப்பள்ளிகள் ஜூன் 14ஆம் தேதிதான் திறந்தன. 2024இல் ஜூன் 6 என்று சொல்லி 10க்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் காரணம் வெயில்.

இதற்கு நடுவே வாட்டர் பெல், குளிர்கூரை, காலநிலைத் தகவமைப்பு, பள்ளிப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்று செய்திகளில் சொற்கள் குவிகின்றன. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஓர் அரசுப் பள்ளிக்கு, அதுவும் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கு, இவை நடைமுறையில் எதைக் குறிக்கின்றன என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நம்மிடம் உருப்படியாக இயங்கும் பேரிடர் ஏற்பாடு லீவு ஒன்றுதான். சில நாட்களில் அது அவசியம். ஆனால் லீவு விட்டதும் ஆபத்து பள்ளியிலிருந்து வீட்டுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. பள்ளி நேரத்தில் வந்து இறங்கும் ஆபத்துக்கு லீவால் எதுவும் செய்ய முடியாது.

முதலில் சில சொற்கள்

இடர் என்பது இயற்கையிலோ மனிதச் செயலிலோ எழும் ஆபத்து: கனமழை, கடும் வெயில், இடி மின்னல், தீ. அது வந்தாலே பேரிடர் ஆகிவிடாது. எதன் மேல் வந்து விழுகிறது என்பதுதான் கணக்கு. ஒரே மழை மேட்டில் இருக்கும் பள்ளியின் முற்றத்தை நனைத்துவிட்டுப் போகும். பழைய கண்மாய் (ஏரி) உள்வாயில் கட்டிய பள்ளியில் முழங்கால் அளவு நிற்கும். மழை இடர். கண்மாய்க்குள் கட்டியது பள்ளியின் பலவீனம். இரண்டும் சேர்ந்தால் பேரிடர்.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் தணிப்பு, தகவமைப்பு என்று இரண்டு வேலைகள் உண்டு. புவி சூடாவதைக் குறைக்கக் கரியமில வாயு வெளியீட்டைக் கட்டுப்படுத்துவது தணிப்பு. சூடு கூடிவிட்டது, இன்னும் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கு ஏற்ப வாழ்க்கையையும் கட்டடங்களையும் மாற்றிக்கொள்வது தகவமைப்பு. ஐம்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளி தணிப்புக்குச் செய்யக்கூடியது சொற்பம். மரம் நடுவிழாவில் படம் எடுத்துக்கொள்வதோடு பெரும்பாலும் அது முடிந்துவிடுகிறது. தகவமைப்பில்தான் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது.

மதுரைக்கு என்னென்ன ஆபத்து?

கடலோர மாவட்டம் இல்லை என்பதால் மதுரைக்காரர்களுக்குப் பேரிடர் என்றால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பற்றிய செய்தி. நிலநடுக்க ஆபத்தும் இங்கே குறைவு. ஆனால் கொஞ்சம் தெற்கே தள்ளி நடந்ததைப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. மதுரையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டும். மழை நாட்கள் கூடாமலேயே ஒரு நாள் மழை பெரிதாவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

*வெயில்.* மதுரையில் ஆண்டு தவறாமல் வரும் இடர் இதுதான், ஆனாலும் இதைப் பேரிடராக நினைக்க யாருக்கும் பழக்கமில்லை. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் உண்டு. வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நேரடியாக 45 டிகிரியைத் தொட வேண்டும். மதுரையில் ஏப்ரல், மே மாதங்களின் வழக்கமான பகல் வெப்பமே 37, 38 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக, 42 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் அதிகாரபூர்வமாக வெப்ப அலை. 40 டிகிரியில் பிள்ளைகள் துவண்டு கிடந்தாலும் அறிவிப்பு வராது.

அந்த 40 டிகிரியும் திறந்தவெளியில், நிழலான பெட்டிக்குள் வைத்து அளந்தது. கான்கிரீட் கூரை காலையிலிருந்து வெயிலைக் குடித்து, மதியத்துக்கு மேல் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். கூரைக்கு நேர் கீழே முப்பது பிள்ளைகள், சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும் ஒரு மின்விசிறி. மாடிக் கட்டடமாக இருந்தால் மேல்தள வகுப்பு இன்னும் மோசம். சிறு பிள்ளைகளின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் வெளிச் சூடு சீக்கிரம் ஏறும். பெரியவர்கள் அளவுக்கு அவர்களுக்கு வியர்க்காது. விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் "தலை சுற்றுது மிஸ்" என்று சொல்லத் தெரிவதற்குள் மயங்கி விழுந்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதனால் வெப்பத்தால் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து நிவாரணம் தர வழி பிறந்தது. நல்ல முடிவுதான். ஆனால் நிவாரணம் என்பது நடந்த பிறகு வருவது. வகுப்பறையின் சூட்டை அது ஒரு டிகிரிகூடக் குறைக்காது.

*மழையும் கண்மாயும்.* மதுரை வட்டாரத்தில் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கடைசியில் வைகையிலோ வேறு ஓடையிலோ சேரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் தண்ணீர் தெருவைத் தேடிக்கொள்ளும். நகரம் வளர வளரக் கண்மாய்க்குள்ளேயே கட்டடங்கள் எழும்பின. உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. கிராமங்களிலும் பல இடங்களில், வேறு எதற்கும் ஆகாத தாழ்வான புறம்போக்குதான் பள்ளிக்கு என்று ஒதுக்கப்பட்டது.

2024 அக்டோபர் 25 இதற்கு நல்ல உதாரணம். அன்று வெள்ளிக்கிழமை. மதியத்துக்கு மேல் நகரத்தில் திடீரென்று மழை கொட்டியது. அன்றைய கணக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். செல்லூர்க் கண்மாய் உபரி நீரும் பந்தல்குடி வாய்க்காலும் சேர்ந்து செல்லூர், நரிமேடு தெருக்களுக்குள் புகுந்தன. காலையில் லீவு விடும்படியான மழை எதுவும் இல்லை. வெள்ளம் வந்தது பள்ளி விடும் வேளையை ஒட்டி.

வானிலை எச்சரிக்கை மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்ற கணக்கில் வருகிறது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. இவை முழு நாளுக்கான அளவுகள். உசிலம்பட்டியில் பெய்யுமா, மேலூரில் பெய்யுமா, மூன்று மணிக்கா ஆறு மணிக்கா என்பதை அந்த நிறம் சொல்லாது. அந்த இடைவெளியில் முடிவெடுக்க வேண்டியவர் தலைமை ஆசிரியர்.

*வைகை.* இது மெதுவாக வரும் ஆபத்து. அணையின் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. உபரி நீர் திறந்தால் யானைக்கல் தரைப்பாலத்தையும் கரையோரச் சாலைகளையும் அடைத்துவிடுவார்கள். ஆற்றைக் கடந்து வரும் பிள்ளைகளுக்கு அன்று வழியே மாறிப்போகும். அவகாசம் இருக்கிற இடர் என்பதால் இதைச் சமாளிப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

*இடி மின்னல்.* கோடை மழையானாலும் ஐப்பசி மழையானாலும் இடி பெரும்பாலும் மாலையில்தான் கட்டும். பள்ளி விடுவதும் அப்போதுதான். பேரையூர், கள்ளிக்குடிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் திறந்த வெளியில் நடந்து போகும் பிள்ளைகளுக்கு ஒதுங்கக் கிடைப்பது ஒற்றைப் பனையோ வேப்பமரமோதான். ஒதுங்கவே கூடாத இடமும் அதுதான். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை பிள்ளைகளை வெளியே அனுப்பக்கூடாது. இந்த ஒரு விதிக்குப் பைசா செலவில்லை. நான்கு மணிக்கு மணி அடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கத் துணிச்சல் வேண்டும்.

லீவு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

1. லீவு பிள்ளையைப் பயணத்திலிருந்து காப்பாற்றுகிறது. ஓடை பெருக்கெடுத்த நாளில், சாலை மூழ்கிய நாளில் இது பெரிய விஷயம். சிவப்பு எச்சரிக்கை நாளில் லீவு விடுவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2. வீடு பள்ளியைவிடப் பத்திரம் என்று லீவு எடுத்துக்கொள்கிறது. 2025 மே மாதம் வலையங்குளத்தில் மழையில் வீட்டுச் சுவர் இடிந்து பத்து வயதுச் சிறுவன் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். மண் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஊரிலேயே உறுதியான கட்டடம் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும். வெயிலுக்கும் இதே கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் வீட்டின் மதிய நேரம் கான்கிரீட் வகுப்பறையைவிடக் கொடியது. அப்பாவும் அம்மாவும் நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருந்தால், பிள்ளை கண்மாய்க்குக் குளிக்கப் போகும்.

3. லீவு விட்டால் சாப்பாடும் நிற்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே மதுரையில்தான், கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். இப்போது அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவும் மதியச் சத்துணவும் உண்டு. லீவு நாளில் இந்த இரண்டு வேளையும் வீட்டுப் பொறுப்பு, அதுவும் கூலி கிடைக்காத மழை நாளில்.

4. படிப்பு குறையும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் படிப்பும் கேட்கிறது. போன நாளைச் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவார்கள். வருகை எப்படி இருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். 2024இல் மட்டும் 85 நாடுகளில் 24 கோடிக்கு மேற்பட்ட மாணவர்களின் படிப்பு வெயிலாலும் வெள்ளத்தாலும் தடைப்பட்டது என்று யுனிசெஃப் கணக்கிட்டது. அதிகம் பேரைப் பாதித்தது வெப்ப அலை.

ஆகவே, லீவு விட வேண்டிய நாட்களைக் குறைப்பதும் லீவு விடாத நாட்களைப் பத்திரமாக்குவதும் தகவமைப்பின் நடைமுறைப் பொருள்.

சட்டம் எப்படி வந்தது?

2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. எல்லோருமே தொடக்கப்பள்ளி வயது. அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் போயின. (சில இடங்களில் அதற்குப் பதிலாகத் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. தீக்குப் பயந்து வெயிலை உள்ளே விட்ட கதை அது.) அந்த விபத்தை ஒட்டிப் போடப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது: கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும். தீயணைப்புக் கருவி, கட்டட உறுதிச் சான்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் அந்தத் தீர்ப்பில் கட்டாயமாயின.

இதற்கிடையில் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்து, ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையத்தை அமைத்தது. மழை லீவை ஆட்சியர் அறிவிப்பதற்குப் பின்னால் இந்தப் பொறுப்பும் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் பள்ளிப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனித் திட்டம், ஒத்திகை, ஆபத்துகளின் பட்டியல் என்று அது விரிவாகப் பேசுகிறது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகம் பிடித்தது.

ஆக, சட்டத்தில் குறை என்று சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

இது யாருடைய பள்ளி?

பெற்றோருக்கு எல்லாம் "கவர்மெண்ட் ஸ்கூல்"தான். ஆனால் மதுரை மாவட்டத்தில் அந்தப் பெயருக்குள் பல உடைமைகள் உண்டு. கிராமத்தில் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி: ஆசிரியர்கள் தொடக்கக் கல்வித் துறைக்குக் கீழ், கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பில். நகரத்தில் மாநகராட்சிப் பள்ளி: கட்டடம் மாநகராட்சி. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்: மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் உள்ள இவை பள்ளிக் கல்வித் துறையிலேயே இல்லை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனித் துறை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது, கூரை நிர்வாகத்துடையது.

கூரையில் விரிசல் விட்டால் இந்த வேறுபாடு உடனே தெரியும். தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுவார். அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதச் சொல்வார். அங்கிருந்து பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும். பள்ளிக்குள் வளைந்திருக்கும் பட்டுப்போன மரத்தை வெட்ட வருவாய்த் துறை அனுமதி, தாழ்வாகத் தொங்கும் கம்பிக்கு மின்வாரியம். ஆசிரியருக்குப் பொறுப்பு இருக்கிறது, அதிகாரம் இல்லை. ஒன்றியத்துக்கு அதிகாரம் இருக்கிறது, தினமும் அந்தக் கூரைக்குக் கீழே உட்காருவதில்லை. திட்டக் கோப்பில் எத்தனை குழுக்கள் இருந்தாலும் இந்த இடைவெளியை அவை நிரப்பப்போவதில்லை.

கூரை, தண்ணீர், கழிப்பறை

வெயிலைச் சமாளிக்க ஏசி வேண்டாம். வெள்ளைக் கூரை சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கருத்துப் பாசி படிந்த கூரை விழுங்கிவிடும். வகுப்பறைச் சூட்டில் சில டிகிரி குறைய இதுவே போதும். இதற்கென்று வரும் பூச்சுகள் கடையில் கிடைக்கின்றன. வசதி இல்லாத இடத்தில் சுண்ணாம்பில் பசை சேர்த்து இரண்டு கை அடித்தாலும் பலன் உண்டு. குறை என்னவென்றால், புழுதியும் மழையும் அதை ஒரே வருடத்தில் தின்றுவிடும். ஆகவே மாசியில், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் முன், ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் கூரையில் நீர் கசியும் விரிசலை அடைக்க வேண்டும். ஓட்டுக் கட்டடமாக இருந்தால் உடைந்த ஓட்டை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைக்குத்தான் குளிர்கூரை என்று பெயர், அரசின் பசுமைப் பள்ளித் திட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதே கூரைக்குப் புரட்டாசியில் இன்னொரு வேலை. வேப்பஞ்சருகு அடைத்த நீர்போக்கிக் குழாயைச் சுத்தம் செய்யாவிட்டால் மழை நீர் தளத்திலேயே நின்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கூரைப் பூச்சு பெயர்ந்து விழும் செய்திகள் பலவற்றின் தொடக்கம் இந்தச் சருகுதான்.

அடுத்தது தண்ணீர். 11 மணி, 1 மணி, 3 மணி என்று தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வாட்டர் பெல் முறையைக் கேரளம் 2019இல் தொடங்கியது, தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2025இல் கொண்டுவந்தது. நல்ல யோசனை. ஆனால் பெண் பிள்ளைகள் பலர் பள்ளியில் தண்ணீர் குடிப்பதைத் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது, அல்லது பூட்டிக் கிடக்கும். மணி அடித்தால் ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடியைத் திருகிவிடுவார்கள். ஆகவே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதும் வெப்பத் தகவமைப்புதான். இதை எந்தத் திட்ட ஆவணமும் அந்தத் தலைப்பின் கீழ் எழுதாது, ஆனால் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

மூடாத தொட்டி, கிணறு, கழிவுநீர்க் குழி பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்தது. வெயில் நாளிலேயே இது நடக்கும் என்றால், முற்றத்தில் அரை அடி கலங்கல் தண்ணீர் நிற்கும் நாளில் மூடி எங்கே, குழி எங்கே என்று யாருக்குத் தெரியும்?

வெப்பத்தில் மயங்கிய பிள்ளைக்கு என்ன செய்வது என்பது ஆசிரியருக்கு மட்டுமல்ல, சமையலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். களைப்பு, தலைவலி, வாந்தி என்றால் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கலாம். உடல் நெருப்பாகக் கொதித்து, பிள்ளை உளறினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்பவாதம். உடனே 108. வண்டி வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஈராசிரியர் பள்ளியில் ஒத்திகை

மாதிரித் திட்டப் படிவத்தை எடுத்தால் முன்னெச்சரிக்கைக் குழு, மீட்புக் குழு, முதலுதவிக் குழு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஈராசிரியர் பள்ளியில் எல்லாக் கட்டத்திலும் அதே இரண்டு பெயர்தான் வரும். அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போயிருப்பார். ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியர் கையில், மணி மூன்றே கால், அழகர்மலைப் பக்கம் வானம் இருட்டுகிறது, கரண்ட் போய்விட்டது. அந்த நிமிடத்துக்குத்தான் திட்டம் வேண்டும். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் திட்டத்தில் ஆட்களாகக் கணக்கில் வந்தாலொழிய அது நடக்காது.

ஒரு பக்கத்தாளில் பின்வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினால், தடிமனான கோப்பைவிட அது உதவும்:

1. கேட், வகுப்பறை, கழிப்பறைச் சாவிகள் யாரிடம்? தலைமை ஆசிரியர் இல்லாத நாளில் யாரிடம்?
2. மின்சார மெயின் எங்கே? சமையலரால் எட்டி அணைக்க முடியுமா? எரிவாயு உருளையை மூட யாருக்குத் தெரியும்?
3. பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம்? பாட்டியா, பெரியப்பாவா? மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் ஒரு எண்தான் இருக்கும், அது பெரும்பாலும் வேலைக்குப் போன அப்பாவுடையது. பக்கத்து வீட்டு எண்ணும் வேண்டும்.
4. நடக்கச் சிரமப்படும் பிள்ளையைத் தூக்குவது யார்? பெயர் வேண்டும்.
5. எந்த ஆபத்துக்கு வெளியே, எதற்கு உள்ளே?

கடைசிக் கேள்வியில்தான் பல ஒத்திகைகள் பிசகுகின்றன. தீயணைப்பு வீரர்கள் வந்து செய்துகாட்டும் ஒத்திகையில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு ஓடுவார்கள். தீக்கும் கட்டட விரிசலுக்கும் அது சரி. இடி மின்னலுக்கு அது நேர்மாறு. உள்ளேதான் இருக்க வேண்டும், ஜன்னல் கம்பியிலிருந்தும் கொடிக்கம்பத்திலிருந்தும் தள்ளி. திடீர் வெள்ளத்துக்கும் உள்ளேதான், ஆனால் மேடான அறையில், மெயினை அணைத்துவிட்டு. ஒரே மணியை எல்லாவற்றுக்கும் அடித்தால் பிள்ளைகள் மின்னலில் மைதானத்துக்கு ஓடுவார்கள். ஆகவே இரண்டு விதமான ஒலி வேண்டும். தொடர்ந்து அடிக்கும் மணி வெளியே, விசில் உள்ளே என்று பழக்கினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் டிஎன் அலர்ட் செயலியும் மின்னலுக்கான தாமினி செயலியும் ஆசிரியர் கைப்பேசியில் இருப்பது நல்லது. கள்ளிக்குடியில் சிக்னல் கிடைக்கும் மூலை எது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.

பணமும் தீர்மானமும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. சுண்ணக்கட்டி முதல் மின்விசிறி ரிப்பேர் வரை எல்லாம் இதற்குள். சிறிய பள்ளிக்குச் சிறிய தொகை என்பது கணக்குக்குச் சரி. கூரையின் பரப்பு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சுருங்குவதில்லையே. போதாக்குறைக்கு, 2024–25க்கு இந்தத் திட்டத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ என்ற தன்னுடைய மாதிரிப் பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேரவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. புதிய வகுப்பறைகளுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பழைய கூரையின் பராமரிப்புக்கு அப்படிப் பெயர் சொல்லும் திட்டம் எதுவும் வாய்ப்பதில்லை, ரிப்பன் வெட்ட அதில் ஒன்றுமில்லை.

இங்கேதான் பள்ளி மேலாண்மைக் குழு உதவும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஆசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிடக் குழுவின் தீர்மானத்துக்கு எடை அதிகம். அந்தத் தீர்மானம் கிராம சபைக்கும் போனால் ஒன்றியம் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் மார்ச் 22 கூட்டம் கோடைக்குச் சற்று முன், அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் வருகின்றன. கூரைக்கும் கழிப்பறைக்கும் முதலாவது, வரத்துக்கால்வாய்க்கும் பட்ட மரத்துக்கும் இரண்டாவது என்று பிரித்துக்கொள்ளலாம். நகரத்தில் கிராம சபை கிடையாது. மாமன்ற உறுப்பினரும் மண்டல அலுவலகமும்தான் வழி.

தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். "பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் தர வேண்டும்" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். "இரண்டாம் வகுப்பு அறையின் வடகிழக்கு மூலையில் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது, அந்த அறையில் 18 பிள்ளைகள் உட்காருகிறார்கள், பொறியாளர் எந்தத் தேதிக்குள் வந்து பார்ப்பார்?" என்று எழுதி, புகைப்படம் வைத்து, ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இன்னொன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.